ரேம், கிளவுட், குக்கி, ஓடிபி: கம்ப்யூட்டர் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரும் போனும் நாள் முழுக்கப் பயன்படுத்துபவர்கள்கூடச் சில சொற்களில் தடுமாறுகிறார்கள். இரண்டு வேறு பொருள்களை ஒன்றென்று எண்ணிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். சிங்க் ஆகிறதே, அதுதான் பேக்கப் என்று நம்பிப் படங்களை இழந்தவர்கள் உண்டு. பூட்டுப் படத்தை நம்பிப் போலித் தளத்தில் பாஸ்வேர்டு கொடுத்தவர்களும் உண்டு. எனவே ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதோடு, எதைக் குறிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

என் போனில் 128 ஜிபி இருக்கிறது. பிறகு ஏன் ஹேங் ஆகிறது?

அந்த 128 ஜிபி ஸ்டோரேஜ். படங்கள், வீடியோக்கள், ஆப்கள் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம் அது. பவர் போனாலும் அழியாது. ரேம் என்பது வேறு. இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம் அது; பவர் போன கணமே காலியாகிவிடும். போனில் இது 4, 6, 8 ஜிபி என்ற அளவில் இருக்கும். 'மெமரி' என்று இரண்டையுமே சொல்வதால்தான் குழப்பம்.

ரேம் நிறைந்துவிட்டால், கம்ப்யூட்டர் உடனே தேவைப்படாத பகுதிகளை எடுத்து டிஸ்க்கில் வைக்கும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால் திரை உறைந்து நிற்கிறது. போன் இன்னொன்றையும் செய்யும்: பின்னால் இருக்கும் ஆப்பை மூடிவிடும். ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் எழுதியதெல்லாம் காணாமல் போயிருப்பது இதனால்தான்.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில், மெமரி என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் ரேமை அதிகம் பிடித்திருக்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். அனேகமாக அது டேப்களைத் திறந்து திறந்து விட்டுவைத்த பிரவுசராக இருக்கும்.

படங்களை அழிப்பதால் ரேம் அதிகமாகிவிடாது. ஆனால் ஸ்டோரேஜ் விளிம்புவரை நிறைந்துவிட்டாலும் வேகம் குறையும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டுவைப்பது நல்லது. ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் 'பூஸ்டர்' ஆப்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அந்த ஆப் மூடியதையெல்லாம் போன் மறுபடி திறக்க வேண்டியிருக்கும், பேட்டரிதான் வீணாகும்.

ரீஸ்டார்ட் செய்தால் பல கோளாறுகள் சரியாகிவிடுகின்றனவே, எப்படி?

ரேமில் சேர்ந்த சிக்கல் எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டு, எல்லாப் புரோகிராம்களும் புதிதாகத் தொடங்குகின்றன. ஒரு நுணுக்கம்: விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், சிஸ்டத்தின் மையப்பகுதி டிஸ்க்கில் பதிந்து வைக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும். ஆஃப் செய்து ஆன் செய்தும் கோளாறு போகவில்லையென்றால் ரீஸ்டார்ட்டைச் சொடுக்கிப் பாருங்கள்.

1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ன் மடங்கில் எண்ணுகிறார்கள்: 1 டிபி என்றால் 1,00,000 கோடி பைட். விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுகிறது. அதே அளவு பைட்டை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 931 வரும். ஒரு பைட்டும் குறையவில்லை. 1024-ன் மடங்குக்கென்று 1998-லேயே கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் எனத் தனிப் பெயர்கள் வகுக்கப்பட்டன. விண்டோஸ் பழைய பெயரையே தொடர்வதால் இந்தக் கேள்வியும் தொடர்கிறது.

100 எம்பிபிஎஸ் இணைப்பு, ஆனால் டவுன்லோடு 12-ஐத் தாண்டவில்லை. ஏன்?

இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், டவுன்லோடு வேகத்தை பைட்டில் காட்டுகிறார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்கள் இணைப்பு சரியாகவே இருக்கிறது.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்: எதை வாங்கலாம்?

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுழலும். அதன்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது, வெறும் சிப்கள்தாம். பழைய லேப்டாப் ஒன்றுக்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைப்போலப் பலன் தருவது வேறில்லை. ஆனால் படங்களை ஏற்றி, மின்சாரமே காட்டாமல் பல வருடம் அலமாரியில் பூட்டிவைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல. அதன் சிப்களில் உள்ள மின்னூட்டம் காலப்போக்கில் கசியக்கூடும்.

கிகாஹெர்ட்ஸ் அதிகம் என்றால் வேகம் அதிகமா?

3 கிகாஹெர்ட்ஸ் என்றால் கணக்குகளைச் செய்யும் சிப்பான பிராசசரின் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது பிராசசருக்குப் பிராசசர் மாறும். ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டை ஒப்பிடும்போது மட்டும் இந்த எண்ணைப் பாருங்கள்.

இன்டர்நெட், வெப், பிரவுசர், சர்ச் எஞ்சின் எல்லாம் ஒன்றுதானே?

நான்கும் வேறு வேறு. இன்டர்நெட் என்பது கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல். 1969-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஆர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி என்ற பொதுவிதிமுறைக்கு மாறியது. இன்றும் அந்த விதிமுறையில்தான் எல்லாம் ஓடுகிறது. வெப் அந்த வலைப்பின்னலின்மேல் நடக்கும் சேவைகளில் ஒன்று. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989-ல் இதை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. மின்னஞ்சல் வெப்பைவிட மூத்தது.

பிரவுசர் என்பது வெப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்: குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி போன்றவை. சர்ச் எஞ்சின் என்பது அந்தப் பக்கங்களைத் தேடித் தரும் ஒரு தளம்.

இந்தக் கடைசி இரண்டையும் பிரித்தறிவது பணத்தைக் காக்கும் விஷயம். வங்கியின் பெயரைச் சர்ச் எஞ்சினில் தட்டி, முதலில் வருவதைச் சொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்த விளம்பரத்தை மோசடிக்காரரும் கொடுத்திருக்கலாம். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுப்பதிலும் இதே ஆபத்து. வங்கியின் முகவரியைப் பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கத்திலோ பார்த்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் நேராகத் தட்டி, ஒருமுறை புக்மார்க் செய்துவிடுங்கள். அதன்பின் தேடவே வேண்டாம்.

வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லை. அது எப்படி?

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள ரேடியோ இணைப்பு, அவ்வளவுதான். அந்தக் கோடுகள் அந்தச் சில அடி தூரத்தின் நிலையை மட்டுமே சொல்கின்றன. ரூட்டரிலிருந்து வெளியே போகும் கேபிள் அறுந்திருந்தாலும் கோடு முழுசாகவே நிற்கும். வீட்டிலுள்ள வேறொரு கருவியிலும் நெட் வரவில்லையா என்று பாருங்கள். எதிலுமே வரவில்லையென்றால் கோளாறு ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ. ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் அந்தக் கருவியில்.

ரூட்டரில் 2.4, 5 என இரண்டு பெயர் தெரிந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேகம் தரும். 5 என்பதற்கும் 5ஜி மொபைல் சேவைக்கும் தொடர்பில்லை.

'டிஎன்எஸ் எரர்' என்று வருகிறதே?

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி அட்ரஸ் என்ற எண் முகவரி உண்டு. நாம் தட்டும் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ், 1983-ல் உருவானது. அந்தத் தேடல் தோற்றால் இந்தப் பிழை வரும். தளம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கலாம். முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குக்கி ஆபத்தானதா? கேஷ் என்றால் என்ன?

குக்கி ஒரு சிறு குறிப்பு. தளம் அதை உங்கள் பிரவுசரில் எழுதிவைத்து, அடுத்த முறை நீங்கள் வரும்போது படித்துப் பார்க்கும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி 1994-ல் உருவாக்கினார். லாகின் செய்தபின் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது இதன் உதவியால்தான். குக்கி வைரஸ் அல்ல. ஆனால் பல தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் குக்கி வைத்தால், நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று அதனால் கோத்துப் பார்க்க முடியும். அப்படிப்பட்ட மூன்றாம் தரப்புக் குக்கிகளைப் பிரவுசர் செட்டிங்கில் தடுத்துவிடலாம்; தளங்கள் பெரும்பாலும் வழக்கம்போலவே வேலை செய்யும்.

கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படங்களையும் கோப்புகளையும் மறுபடி இறக்காமல் இருக்கச் சேர்த்துவைப்பது. கேஷை அழித்தால் பக்கம் முதல்முறை மெதுவாகத் திறக்கும், அவ்வளவே. குக்கியை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் லாக்அவுட் ஆவீர்கள். பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அழியுங்கள்.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதல்லவா?

உங்கள் கருவியை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் அதன் எல்லை. இணைய சேவை நிறுவனம், அலுவலக நெட்வொர்க், நீங்கள் போகும் தளம் ஆகியவற்றின் பார்வையிலிருந்து அது மறைப்பதில்லை. இறக்கிய கோப்புகளும் அப்படியே கிடக்கும்.

பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாமா?

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு, முகவரியின் தொடக்கத்தில் உள்ள எச்டிடிபிஎஸ் இரண்டும் சொல்வது ஒன்றே: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாது. ஒட்டிய உறையில் கடிதம் போவது போல. வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு ஒட்டு சாட்சி. கடிதத்தைப் பெறுபவர் நல்லவர் என்பதற்கு அது சாட்சியாகாது. பூட்டு தெரியத் தளத்துக்குத் தேவைப்படும் சான்றிதழ் இன்று இலவசமாக, சில நிமிடங்களில், யாருக்கும் கிடைக்கிறது. போலித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. மக்கள் அதைத் தவறாக நம்புகிறார்கள் என்பதால்தான் குரோம் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

நம்ப வேண்டியது முகவரியை. அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு நான் புனைந்த முகவரி இது:

சேமிப்புவங்கி.காம்.உறுதிசெய்.நெட்/லாகின்

தொடக்கத்தில் 'சேமிப்புவங்கி.காம்' என்று இருப்பதால் வங்கி என்றே தோன்றும். அங்கே கண்ணை வைக்காதீர்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்: நெட், அதற்கு முன் உறுதிசெய். இந்தத் தளத்தின் சொந்தக்காரர் 'உறுதிசெய்.நெட்'. அதற்கும் இடப்பக்கத்தில் உள்ளவை எல்லாம் அவர் தம் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்ட சொற்கள். சில நாடுகளின் முகவரிகளில் கடைசி இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும், முறை அதேதான். இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். பத்து நிமிட வேலை.

வைரஸ், மால்வேர், ரேன்சம்வேர்: என்ன வித்தியாசம்?

கெடுதல் செய்ய எழுதிய எல்லா மென்பொருளுக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவும். வார்ம் யாரும் எதையும் சொடுக்காமலேயே நெட்வொர்க் வழியாகத் தானே பரவும். 1988 நவம்பரில் வெளிவந்த மோரிஸ் வார்ம்தான் இதில் முதலில் பேர் பெற்றது. டிரோஜன் நல்ல ஆப் போல வேடமிட்டு வரும். ரேன்சம்வேர் உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும்.

2017 மே 12 அன்று பரவிய வானாகிரை ரேன்சம்வேர் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த அப்டேட்டைப் போடாத, போட வழியில்லாத கணினிகளே சிக்கின. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தும்போது இதை எண்ணிப்பாருங்கள்.

கிளவுட் என்றால் எங்கே?

கிளவுட்டில் வைத்த படமும் கோப்பும் இருப்பது வேறொருவரின் டேட்டா சென்டரில், வேறொருவரின் டிஸ்க்கில். உண்மையான கட்டடம், உண்மையான கணினிகள், உண்மையான மின் கட்டணம்.

எல்லாம் கிளவுட்டில் சிங்க் ஆகிறது. தனியாக பேக்கப் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சிங்க் என்பது எல்லா இடத்திலும் ஒரே நிலையைப் பேணுவது. போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுட்டிலும் அழியும், டேப்லெட்டிலும் அழியும். அதன் வேலையே அதுதான். 'போனில் இடமில்லை, கிளவுட்டில்தான் இருக்கிறதே' என்று போனிலிருந்து அழிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். குப்பைத்தொட்டியில் 30 நாளோ 60 நாளோ கிடக்கும்; அதற்குள் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். ரேன்சம்வேர் பூட்டிய கோப்பும் அதேபோல எல்லா இடத்துக்கும் சிங்க் ஆகும்.

பேக்கப் என்பது தனியாக நிற்கும் பிரதி. மூலத்தில் என்ன நடந்தாலும் அது மாறக் கூடாது. துறையில் சொல்லும் கணக்கு 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். சாதாரணமாக இப்படிச் செய்யலாம்: போனில் ஒன்று, கிளவுட்டில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் விட்டுவைக்காது.

பிரதி எடுத்தால் போதாது, திரும்ப எடுக்க வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒருநாள் அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பழைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

ஓடிபி, டூ ஃபேக்டர், பாஸ்கீ?

பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்த ஒன்று. அதோடு உங்கள் கையில் இருக்கும் ஒன்றையும் கேட்பது டூ ஃபேக்டர். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி அதில் ஒருவகை. உங்கள் எண்ணுக்கு யாராவது மோசடியாக மாற்றுச் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். அதைவிட ஆதன்டிகேட்டர் ஆப் மேல். பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒருமுறை புது எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கும், சிக்னல்கூடத் தேவையில்லை.

இரண்டிலும் ஒரே பலவீனம்: பேச்சில் மயக்கி உங்கள் வாயாலேயே எண்ணைச் சொல்லவைத்துவிடலாம். ஓடிபியைக் கேட்டு அழைப்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், இணைப்பைத் துண்டியுங்கள்.

பாஸ்கீயில் சொல்வதற்கு எண்ணே கிடையாது. ரகசியச் சாவி உங்கள் கருவியிலோ உங்கள் பாஸ்வேர்டு மேனேஜரிலோ இருக்கும். விரல்ரேகையோ முகமோ பின் நம்பரோ கொடுத்தால் அந்தச் சாவி உங்களுக்காக டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு லாகின் செய்யும். எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். முகவரியில் நீங்கள் ஏமாந்தாலும் பாஸ்கீ ஏமாறாது. உங்கள் மின்னஞ்சல் கணக்கில் இந்த வசதி இருந்தால் முதலில் அங்கே போடுங்கள். மற்றப் பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதன் வழியாக மாற்றிவிட முடியும்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஏன் சீக்கிரம் நீண்டுவிடுகிறது?

ஆங்கில எழுத்துகள் மட்டும் என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 கொள்ளும். தமிழ் வந்துவிட்டால், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறைக்கு மாறி 70 ஆகிவிடும். அந்த 70-ம் நம் கணக்கில் எழுத்துகள் அல்ல. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு குறியீடுகள். வெப்பில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட்.

தமிழ் 1991-ல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் தெரிந்தால் அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை. புரியாத குறிகளாகத் தெரிந்தால் யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் தட்டிய கோப்பாக இருக்கும். கன்வெர்ட்டர் ஒன்றில் இட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஏஐ சொல்வதை நம்பலாமா?

இப்போது பரவலாக உள்ள உரையாடல் ஏஐக்குப் பின்னால் இருப்பது லாங்குவேஜ் மாடல் எனப்படும் மென்பொருள். ஏராளமான உரையைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. எழுத்து சரளமாக இருப்பதால் செய்தி சரியாக இருக்க வேண்டியதில்லை. இல்லாத தீர்ப்பையும் இல்லாத நூலையும் இருப்பது போலவே எழுதிவிடும்; இதற்கு ஹாலுசினேஷன் என்று பெயர். கடிதத்தைத் திருத்த, கடினமான பத்தியை எளிதாக்க நல்ல துணை. மருந்தின் அளவு, சட்டம், பணம் என்றால் மூல ஆவணத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

யுஎஸ்பி-சி கேபிள் எல்லாம் ஒன்றுதானே?

யுஎஸ்பி-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. ஒரே வடிவக் கேபிள்களில் ஒன்று வினாடிக்கு 480 மெகாபிட் கடத்தும், இன்னொன்று 40 கிகாபிட் கடத்தும். சார்ஜிங்கிலும் அப்படியே: 60 வாட் தாங்குவதும் உண்டு, 240 வாட் தாங்குவதும் உண்டு. போனோடு வரும் கேபிள் பெரும்பாலும் சார்ஜ் செய்யத்தான், அதில் டேட்டா மெதுவாகவே போகும். லேப்டாப்புக்கோ வெளி எஸ்எஸ்டிக்கோ வாங்கும்போது உறையில் வாட்டும் கிகாபிட்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே போடவில்லையென்றால் அதை 480 மெகாபிட் கேபிளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.